நாடு வளர்கிறது, உங்கள் வீட்டுக்கு அது எந்த வழியாக வரும்?

‘இந்தியப் பொருளாதாரம் 6.5 சதவீதம் வளர்ந்தது’ என்று செய்தியில் வாசிக்கிறார்கள். 2024-25ஆம் நிதியாண்டுக்கு 2025இல் வெளியான கணக்கு அது. அதே நிதியாண்டில் தமிழ்நாடு 11 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. டிவியை அணைத்துவிட்டு நீங்கள் மளிகைச் சீட்டை எடுக்கிறீர்கள். சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது போன வருடம் நின்ற அதே தொகைதான். சில மாதங்களில் அதுவும் இல்லை. நாடு வளர்ந்தது உண்மையென்றால், அந்த வளர்ச்சி ஏன் நம் வாசப்படி ஏறவில்லை?

இப்படிச் சந்தேகப்படுவதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்துவிட்டால் அதைப் பாதியில் விட்டுவிடவும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், வளர்ந்தது எது?

ஓர் ஆண்டில் நாட்டுக்குள் விளைந்த நெல், தைத்த பனியன், ஓடிய லாரி, நடந்த ஆபரேஷன், எழுதிய மென்பொருள் என எல்லாவற்றிலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பைக் கூட்டினால் வருவது மொத்த உள்நாட்டு உற்பத்தி (செய்திகளில் ஜி.டி.பி. என்று சொல்வது இதைத்தான்). விலைவாசி ஏறியதால் ஊதிப்போன பகுதியைக் கழித்துவிட்டு, போன வருடத்தைவிட அது எவ்வளவு கூடியது என்று பார்ப்பதே வளர்ச்சி விகிதம்.

உங்கள் அம்மா வீட்டில் வடித்த சோறு இதில் சேராது. அதே சோற்றை மெஸ்ஸில் விற்றால் சேரும். கூடிய பணம் யார் கைக்குப் போனது என்பதும் இந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவுக்காக இப்படிப்பட்ட தேசிய வருமானக் கணக்கை முதன்முதலில் முறையாகத் தயாரித்தவர் சைமன் குஸ்நெட்ஸ். மக்களின் நல்வாழ்வை இந்த எண்ணை வைத்து அளந்துவிட முடியாது என்று 1934இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே அவர் எச்சரித்துவிட்டார். கணக்கைப் போட்டவரே சொன்ன எச்சரிக்கையை, கணக்கை வாசிப்பவர்கள் மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் ‘தலைக்கு இத்தனை ரூபாய் வருமானம்’ என்கிறார்களே, அது?

அது சராசரி. இந்தியாவின் தனிநபர் வருமானம் (நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் வருவது) இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 8 லட்சம், அதாவது மாதம் 66,000 ரூபாய்க்கு மேல். உங்கள் தெருவில் அப்படி வருமானம் வருகிற வீடுகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஒரு சந்தில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீட்டில் மாதம் 10,000 ரூபாய் வருமானம். ஐந்தாவது வீட்டில் 1,60,000. மொத்தம் 2 லட்சம், வீட்டுக்குச் சராசரி 40,000. அடுத்த வருடம் அந்த ஐந்தாவது வீட்டு வருமானம் மட்டும் 1,80,000 ஆகிறது. மற்ற நால்வருக்கும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இப்போது மொத்தம் 2,20,000, சராசரி 44,000. அந்தச் சந்து 10 சதவீதம் வளர்ந்துவிட்டது! கணக்கில் தப்பே இல்லை. ஐந்தில் நான்கு வீடுகளில் அடுப்பு மட்டும் பழையபடியே எரிகிறது.

நாட்டிலும் நடப்பது இதுதானா?

முழுக்க இப்படியில்லை, ஆனால் சாயல் இதுதான். தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டில் இருக்கும் 1 சதவீதத்தினருக்குப் போனது. சொத்தில் 40.1 சதவீதம் அவர்களிடம்தான். நூறு பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவர் இலையில் மட்டும் இருபத்திரண்டு பேரின் சாப்பாடு.

இன்னொரு கணக்கு அரசாங்கமே எடுத்தது. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு (எந்த வீடு எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று வீடுவீடாகப் போய்க் கேட்பது) 2023-24இல் நடந்தது. கிராமப்புறத்தில் அடிமட்டத்தில் இருக்கும் 5 சதவீதத்தினர் ஒரு ஆளுக்கு மாதம் 1,677 ரூபாய் செலவு செய்தார்கள். நகர்ப்புறத்து மேல்மட்ட 5 சதவீதத்தினர் 20,310 ரூபாய். பன்னிரண்டு மடங்கு. இலவச ரேஷன் போன்றவற்றின் மதிப்பைச் சேர்க்காத கணக்கு இது.

1,677 என்றால் நாளுக்கு 56 ரூபாய். இரண்டு டீயும் ஒரு வடையும் போனால் மீதி என்ன? அந்த மீதியில்தான் காய்கறி, எண்ணெய், பஸ், மாத்திரை, பிள்ளையின் நோட்டு எல்லாம். இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என்னால் வளர்ச்சிச் செய்தியைப் பழையபடி கேட்க முடியவில்லை.

‘இப்போது மேலே இருப்பவருக்கு, பிறகு எல்லாருக்கும்’ என்கிறார்களே, அது நடக்காதா?

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதே குஸ்நெட்ஸைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். 1955இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். விவசாய நாடு தொழில் நாடாக மாறத் தொடங்கும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், போகப்போகக் குறையும் என்றார். கையில் இருந்த தரவு கொஞ்சம், ஊகமே அதிகம் என்று அதே கட்டுரையில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். அந்த ஊகத்தை இயற்கை விதிபோலப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

பிரேசிலைப் பாருங்கள். 1968 முதல் 1973 வரை, ராணுவ ஆட்சியில், அந்த நாடு வருடத்துக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டி வளர்ந்தது. கேக் முதலில் பெரிதாகட்டும், அப்புறம் வெட்டிப் பங்கு போடலாம் என்ற பேச்சு அன்றைய நிதியமைச்சர் டெல்ஃபிம் நெட்டோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கேக் பெரிதானது. பங்கு வரவில்லை. 1960க்கும் 1970க்கும் இடையில் அங்கே ஜினி எண் (0 என்றால் எல்லாருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே என்று காட்டும் அளவுகோல்) 0.50இலிருந்து 0.57 அளவுக்கு ஏறியது.

அது இறங்கத் தொடங்கியது எப்போது? பல பத்தாண்டுகள் கழித்து. குறைந்தபட்ச ஊதியத்தை அரசு தொடர்ந்து உயர்த்தியது. 2003இல் ‘போல்சா ஃபமிலியா’ என்ற திட்டம் வந்தது. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அந்த ஏழைக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம், பெரும்பாலும் அம்மாவின் பெயரில். 2000களின் தொடக்கத்தில் 0.6ஐ ஒட்டி நின்ற ஜினி எண், 2010களின் நடுவில் 0.52 வாக்கில் இறங்கியது. இன்றைக்கும் பிரேசில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுதான். ஆனால் இறங்கிய அந்தக் கொஞ்சமும் தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள்.

தென்கொரியா வேறு மாதிரி தொடங்கியது. 1950ஐ ஒட்டி அங்கே நிலச் சீர்திருத்தம் நடந்தது. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய விளைநிலத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்து, மிச்ச நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களுக்கே கொடுத்தார்கள். விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்துகொண்டிருந்தவர், அந்தப் பங்கு கையில் மிஞ்சியதும் அதில் பிள்ளையைப் படிக்க வைத்தார். தொழிற்சாலைகள் வந்தபோது உள்ளே போவதற்குப் படித்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். பங்கு முதலில், கேக் பிறகு. அதற்காகக் கேக் சின்னதாகிவிடவில்லை.

‘சரி, வளர்ச்சியே வேண்டாம், பங்கீடு போதும் என்கிறீர்களா?’

இல்லவே இல்லை. வளராத நாட்டில் ஏழை படும் பாட்டைப் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கை 1940களிலேயே இலவசக் கல்வி கொடுத்த நாடு. எழுத்தறிவிலும் ஆயுளிலும் நம்மைவிடப் பல காலம் முன்னால் நின்றது. 2022இல் அந்நியச் செலாவணி (வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்கத் தேவையான டாலர் கையிருப்பு) தீர்ந்துபோனது. அந்த வருடம் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. உலக வங்கி மதிப்பீட்டில் வறுமை 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானது. ஒரே வருடத்தில் இரு மடங்கு.

அந்த அடி எல்லார்மீதும் ஒரே மாதிரி விழவில்லை. நெருக்கடிக்கு முன்பே, 2019இல், இலங்கை முழுவதும் வறுமை 14.3 சதவீதம். தேயிலைத் தோட்டப் பகுதிகளில் 33.8 சதவீதம். நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த கொழுந்தைப் பறித்த மலையகத் தமிழர் வீடுகள் அவை. வளர்ந்தபோது கடைசியாக எட்டியதும், சரிந்தபோது முதலில் அடித்ததும் அந்த லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீடுகளைத்தான்.

வளர்ச்சியின் வலிமையைச் சொல்லும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 72ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் வருமானம் இரட்டிப்பாகும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். 7 சதவீதம் என்றால் பத்து வருடம். 3.5 என்றால் இருபது வருடத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் கடும் வறுமை (உலக வங்கி வைத்திருந்த கோட்டின்படி நாளுக்கு 2.15 டாலர் மதிப்புக்கும் கீழே வாழ்வது) 2011-12இல் 16.2 சதவீதம். 2022-23இல் அது 2.3 சதவீதம். வளர்ச்சி இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆக, வளர்ச்சி வேண்டும். அது உங்கள் வீட்டுக்கு வரும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் வழி, வேலை. இதுதான் பெரிய வாசல். 2023-24 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேலை செய்பவர்களில் 46 சதவீதம் பேர் இன்னும் விவசாயத்தில் இருந்தார்கள். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்துக்கொள்கிறார்கள். வேகமாக வளரும் மென்பொருள், வங்கி, நிதித் துறைகளுக்கு ஆள் குறைவாகப் போதும். நாற்று நட்ட கை அடுத்த வாரமே கணினியில் உட்கார முடியாது அல்லவா? அதனால்தான் தொழிற்சாலைகள் முக்கியம். அங்கேதான் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தவருக்கு இடம் உண்டு.

லாபம் கூடினால் வேலையும் கூடிவிடுமா? மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே பதில் சொல்கிறது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தது, அவற்றில் வேலை பார்ப்போர் எண்ணிக்கை 1.5 சதவீதம்தான் உயர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஈரத் தலையோடு, டிபன் டப்பாவோடு பெண்கள் ஏறுவார்கள். அதில் பாதிப் பேர் அவரவர் வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அம்மா அன்றாடங்காய்ச்சி, மகளுக்கு ஒன்றாம் தேதி சம்பளம். ஜி.டி.பி. ஒரு வீட்டுக்குள் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த பஸ் நிறுத்தத்தில் பார்க்கலாம்.

ஆனால் அதே பஸ்ஸில் நிரந்தர ஊழியரும் காண்ட்ராக்ட் ஊழியரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஷிப்ட், ஒரே வேலை, வெவ்வேறு சம்பளம். நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ காண்ட்ராக்டில் இருந்தால் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்களா? பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்துக்குள் வந்தால், உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அந்தச் சின்னத் தொகைக்கு உங்கள் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு, பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. காண்ட்ராக்ட் என்பதால் இது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சம்பளம் ஏறியதா என்பதையும் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 5 சதவீதம் ஏறி, விலைவாசி 6 சதவீதம் ஏறினால் உங்கள் சம்பளம் குறைந்திருக்கிறது. இதற்கு நிஜக் கூலி (விலையேற்றத்தைக் கழித்தபின் கூலியால் வாங்க முடிகிற பொருளின் அளவு) என்று பெயர். கிராமத்து வீடுகளில் செலவின் 47 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது. துவரம்பருப்பும் தக்காளியும் ஏறும்போது, செய்தியில் சொல்லும் விலைவாசி உயர்வைவிட உங்கள் வீட்டு விலைவாசி அதிகமாகவே ஏறியிருக்கும். உங்கள் கணக்குப் பிசகவில்லை.

இரண்டாவது வழி, சொத்தும் கடனும். இதைப் பற்றி நம்மிடம் யாரும் விளக்கிப் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஊருக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலை வருகிறது, தொழிற்பேட்டை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்கு சென்ட் விலை பல மடங்கு ஏறிவிட்டது. விற்றார், டவுனில் இரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டார். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவருக்கு விற்ற விலையில் ஒன்றும் இல்லை. அதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன அம்மாவுக்கு வேலையே போயிற்று. வாடகை ஏறியதால் அவர் ஊரின் கடைசித் தெருவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய மகனுக்குத் தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ஒரே சாலைதான். ஒருவருக்கு மேல் மாடி, ஒருவருக்கு வெறும் கை, ஒருவருக்கு இழப்பும் வரவும் கலந்து. வளர்ச்சியை எதிர்ப்பவர், ஆதரிப்பவர் இருவருமே இந்த மூன்று வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடன் இதைவிடக் கொடுமை. சொத்து இருப்பவருக்கு வங்கி வீட்டுக் கடன் 9 சதவீதத்தில் கிடைக்கிறது என்று வையுங்கள். 50,000 ரூபாய்க்கு வருடத்துக்கு 4,500 ரூபாய் வட்டி. சொத்து இல்லாதவர் அதே 50,000ஐ அவசரத்துக்கு ‘அஞ்சு வட்டி’க்கு வாங்குகிறார். கேட்கும்போது ஐந்து சின்ன எண். ஆனால் அது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். மாதம் 2,500, வருடத்துக்கு 30,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். நாடு 7 சதவீதம் வளர்ந்து, உங்கள் கடன் 60 சதவீதம் வளர்ந்தால் ஜெயிப்பது எது?

என்ன செய்யலாம்? நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வையுங்கள். ‘ரெண்டு வட்டி’ என்பதே வருடத்துக்கு 24 சதவீதம்; கூட்டுறவு வங்கி அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் வாங்கும். மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் கேளுங்கள். அதிக வட்டி கேட்டு மிரட்டினால் 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். எந்தக் கடன் வாங்கும்போதும் ‘வருடத்துக்கு எத்தனை சதவீதம்?’ என்று வாய்விட்டுக் கேட்டு, எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழி, நீங்கள் காசு கொடுக்காமல் பெறுபவை. பள்ளி, ஆஸ்பத்திரி, ரேஷன், பஸ். ஏழை வீட்டில் வளர்ச்சி பணமாக வருவதைவிட இப்படி வருவதே அதிகம். 2013-14இல் இந்தியாவின் மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கைப்பணம். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனாலும் நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் என்பது, ஒரு பைபாஸ் ஆபரேஷன் வந்தால் ஒரு குடும்பத்தின் பத்து வருட முன்னேற்றத்தைத் துடைத்துக்கொண்டு போகும்.

ஆகவே நோய் வருவதற்கு முன்பே ஒன்று செய்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு வருமானச் சான்றுக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் யாருக்கும் வரக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு என்ன செய்யும் என்பதற்கு நாமே சாட்சி. 1956இல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கி, 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. உயர்கல்விக்குப் போகும் வயதில் உள்ளவர்களில் இந்திய அளவில் 28.4 சதவீதம் சேர்கிறார்கள், தமிழ்நாட்டில் 47 சதவீதம் (2021-22 கணக்கு). தொழிற்சாலைகள் இங்கே வருவதற்குத் துறைமுகமும் சாலையும் மட்டும் காரணமில்லை. உள்ளே போய் வேலை பார்க்கப் படித்த ஆள் இருப்பதும் காரணம். சோறு போட்டது செலவு என்று எழுதியவர்கள், பின்னால் வந்த முதலீட்டை அந்தச் செலவோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

‘இதெல்லாம் இலவசம்தானே, வரி கட்டுபவர் பணம்தானே?’ என்று கேட்பவர் உண்டு. வரி கட்டுபவர் யார்? வருமான வரி கட்டுபவர் மட்டுமா? கட்டடச் சித்தாளும் சோப்பு வாங்குகிறார், அதில் ஜி.எஸ்.டி. உண்டு. பத்தாயிரம் சம்பாதிப்பவரும் பத்து லட்சம் சம்பாதிப்பவரும் அந்தச் சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். இதற்கு மறைமுக வரி (பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வரி) என்று பெயர். இன்னொரு பக்கம், பரம்பரைச் சொத்து மீதான வரி 1985இல் எடுக்கப்பட்டது, செல்வ வரி 2015இல் எடுக்கப்பட்டது, 2019இல் கம்பெனி வரி 30இலிருந்து 22 சதவீதமாக இறங்கியது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது தலை குனிய வேண்டியதில்லை. உங்கள் பங்கைக் கட்டிவிட்டுத்தான் நிற்கிறீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமானது. குறைந்த வரி விலையில் தெரிகிறதா என்று பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை அதேபோல் இருந்தால் கிராம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘நான் ஒரு ஆள், இதில் என்ன கேட்க முடியும்?’

ஊராட்சியில் இருப்பவர் என்றால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடும். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லலாம். பக்கத்தில் வந்த கம்பெனியில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், நிரந்தரமா காண்ட்ராக்டா என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன நாட்களைச் சொல்லலாம். பெரும்பாலான ஊர்களில் இருபது முப்பது பேர்தான் வருவார்கள், அதிலும் முன்வரிசையில் நிலம் உள்ளவர்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தெருவிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பெண்களை. பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.